பூங்கோரை வந்தால் மீன் ஏன் சாகிறது?

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது கடல் பச்சையாவது பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். அந்த இரண்டு வரி சும்மா இருக்கவில்லை. இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் ஆமை, திருக்கை, முத்துச்சிப்பி எல்லாம் அடுத்த மாதம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் மண்டபம் பக்கத்துக் கடலில் தண்ணீர் மொண்டு, அதில் என்னென்ன மிதக்கிறது என்று எண்ணி எழுதியவன். ஓய்வு பெற்றாயிற்று. வாளியை மட்டும் விடவில்லை.

புரட்டாசி பிறந்தால் எங்கள் கரையில் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கரைத்ததுபோல் ஆகிவிடுகிறது. நாற்றம் தாங்கவில்லை. இரண்டு மூன்று நாளில் ஓரா, விலாங்கு எல்லாம் செத்து ஒதுங்குகின்றன. அப்பா “பூங்கோரை வந்துடுச்சு” என்கிறார். தம்பியோ ஏதோ கம்பெனிக்காரன் கழிவைத் திறந்துவிட்டான் என்கிறான். யார் சொல்வது சரி?
— கீழக்கரைப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண்

அப்பா சொல்வதுதான் சரி, அம்மா. தம்பிக்கும் கொஞ்சம் மதிப்பெண் உண்டு, கடைசியில் தருகிறேன்.

உங்கள் ஊரில் பாசி என்றால் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பெண்கள் முங்கிப் பறிக்கிற சாமான். பூங்கோரை பெயரில்தான் கோரை, அந்தச் சாதி இல்லை. அடுத்த முறை வரும்போது அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஐந்து நிமிஷம் ஆட்டாமல் வையுங்கள். ஊறவைத்த ரவைபோல் குட்டிக் குட்டி உருண்டைகள் மேலே வந்து ஒரு பட்டையாகச் சேரும். ஒவ்வொரு உருண்டையும் ஒரே செல்லால் ஆன முழு உயிர். அரை மில்லிமீட்டர் இருக்கும், பெரியது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். லென்ஸில் பார்த்தால் காம்புப் பக்கம் குழிந்த தக்காளி மாதிரி தெரியும். அந்தக் குழியிலிருந்து ஒரு வால் சோம்பலாக ஆடிக்கொண்டிருக்கும். இதன் பெயர் நாக்டிலுகா.

இதைப் பாசி என்று சொல்வதே ஒரு வசதிக்குத்தான். இது வாய் வைத்துத் தின்கிற ஜீவன். டயட்டம் என்கிற நுண்பாசியைத் தின்னும், கிடைத்தால் மீன் முட்டையையும் விழுங்கும். சொந்தமாகப் பச்சையம் கிடையாது. ஆனால் நம் கடல்களில் இருக்கும் நாக்டிலுகா, தன் உடம்புக்குள்ளேயே இன்னொரு பொடிப் பச்சைப் பாசியை ஆயிரக்கணக்கில் குடிவைத்திருக்கிறது. அவை உள்ளே நீந்திக்கொண்டே வெயிலில் உணவு தயாரித்து, வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. வாடகையும் வருகிறது, வேட்டையும் நடக்கிறது. ஜப்பான், ஹாங்காங் பக்கத்து நாக்டிலுகாவுக்கு இப்படிக் குடித்தனக்காரர்கள் இல்லை. அதனால் அங்கே அது பெருகினால் கடல் தக்காளி ரச நிறத்தில் இருக்கும்.

சரி, ஏன் புரட்டாசி? ஆனியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தென்கடலைப் போட்டுக் கலக்குகிறது. அடியில் கிடந்த நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் சத்தெல்லாம் மேலே வருகிறது. ஆனால் கலங்கலில் வெளிச்சம் போதாது. கச்சான் ஓய்ந்து வாடை இன்னும் தொடங்காத இடைவெளிதான் உங்கள் புரட்டாசி. காற்று விழுகிறது, தண்ணீர் தெளிகிறது, வெயில் உள்ளே இறங்குகிறது. சத்தும் வெளிச்சமும் சேர்ந்து கிடைத்ததும் டயட்டம் முந்திக்கொண்டு பெருகும். ஒரு செல் நாளைக்கு ஒரு தடவை இரண்டாகப் பிளக்கிறது என்று வையுங்கள். பத்தாம் நாள் 1,024. இருபதாம் நாள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும், யாரும் தின்னாமல் விட்டால். தின்ன வருவதுதான் நாக்டிலுகா.

அது டயட்டம் அளவுக்கு வேகமாகப் பெருகாது. ஆனால் மிதக்கும். உடம்புக்குள் அம்மோனியத்தைச் சேர்த்து வைப்பதால் கடல்நீரைவிட எடை குறைவு. மேலே மிதந்து வந்ததை இளங்காற்றும் நீவாடு என்கிற நீரோட்டமும் ஒதுக்கிக்கொண்டுபோய்த் தீவு மறைவிலும் கரையோரத்திலும் குவித்துவிடும். “நேற்றுவரை நன்றாக இருந்ததே” என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். அது ஒரே ராத்திரியில் பெருகவில்லை, ஒரே ராத்திரியில் ஒதுங்கியது, அவ்வளவுதான்.

இனி மீன் சாவு. நாக்டிலுகா விஷம் தயாரிக்கிற சாதி இல்லை. உயிரோடு இருக்கும்வரை பெரிய தொல்லையும் இல்லை. சத்து தீர்ந்து, கூட்டம் கூட்டமாக அது சாகத் தொடங்கும்போதுதான் வினை. உடம்பு வெடித்து அம்மோனியா தண்ணீரில் கலக்கிறது. உங்கள் மூக்குக்கு எட்டுகிற நாற்றத்தில் அதற்கும் பங்கு உண்டு. அழுகலைத் தின்ன பாக்டீரியா பெருகுகிறது, அது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. நம் கடலில் சாதாரணமாக லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் வாக்கில் ஆக்சிஜன் இருக்கும். இரண்டுக்குக் கீழே போனால் மீன் திணறும். பகலிலாவது பச்சை உயிர்கள் கொஞ்சம் ஆக்சிஜன் கொடுக்கும். இரவில் அவையும் மூச்சு வாங்குகிற கூட்டத்தில் சேர்ந்துவிடும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் நிலைமை படுமோசம். செத்த மீனை நீங்கள் காலையில் பார்ப்பது அதனால்தான்.

ஒரு வருஷம் அப்படிப்பட்ட விடியலில் வல்லத்தில் போய்த் தண்ணீர் எடுத்தேன். ஆக்சிஜன் அளக்க ஒரு பழைய முறை உண்டு. பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, மாங்கனீஸ் கரைசலும் காரம் கலந்த அயோடைடும் சில சொட்டு விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே தேன் நிறத்தில் பழுப்பாக ஒரு திரள் இறங்கும். அன்று திரள் இறங்கியது, ஆனால் மோரைத் திரித்ததுபோல் வெள்ளையாகவே நின்றது. மருந்து கெட்டுப்போயிற்று என்று நினைத்து இன்னொரு பாட்டில் போட்டேன். அதுவும் வெள்ளை. வல்லத்தை ஓட்டிய அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், அடியில விலாங்கு எல்லாம் தலையை வெளிய நீட்டிக்கிட்டுக் கிடக்குது” என்றார். மூன்றாவது பாட்டில் போடவில்லை.

பவளப்பாறையை ஒட்டிப் பொந்தில் குடியிருப்பவைதான் முதலில் மாட்டும். திறந்த கடலில் கூட்டமாக ஓடுகிற மீன் பெரும்பாலும் திசை மாற்றித் தப்பிவிடும். ஓடவே முடியாதது பவளம். 2008 அக்டோபரில் உங்கள் பக்கம் அப்பா தீவு, முத்துப்பேட்டை வரை தண்ணீர் கரும்பச்சையாகி மீன்கள் செத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2019 செப்டம்பர், அக்டோபரில் மண்டபத்துக்குத் தெற்கே சிங்கிலித் தீவுப் பக்கம் ஆக்சிஜன் இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே போனது. மான்கொம்பு மாதிரி கிளைவிடுகிற அக்ரோபோரா போன்ற வேகமாக வளரும் பவளங்கள் அதில் ஏராளமாகச் செத்தன.

தம்பிக்கான மதிப்பெண் இதோ. பூங்கோரையைக் கொண்டுவர எந்தக் கம்பெனியும் தேவையில்லை, கச்சானே போதும். ஆனால் சாக்கடையும் இறால் பண்ணைத் தண்ணீரும் கடலுக்குள் வந்தால், ஒரு பந்தியோடு முடிய வேண்டிய விருந்து இரண்டு மூன்று பந்தி நடக்கும். அதைத் தம்பி தட்டிக் கேட்கட்டும்.

ஒதுங்குகிற மீனில் பாதி துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உப்புப் போட்டுக் கருவாடாக்கினால் என்ன தப்பு?
— பாம்பனிலிருந்து ஒரு வியாபாரி

துடிக்கிற பாதியையும் துடிக்காத பாதியையும் தனித்தனிக் கூடையில் போடுவீர்களா? மாட்டீர்கள். எப்போது செத்தது என்று தெரியாத மீன், இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதந்த மீன். கெடத் தொடங்கிய மீனில், முக்கியமாகச் சூரை, கானாங்கெளுத்தி, சாளை வகைகளில், ஹிஸ்டமின் சேரும். உப்பும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது, கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும். பச்சைத் தண்ணீருக்கு வெளியே வலை போட்டு உயிரோடு பிடித்த மீனைத் தாராளமாக விற்கலாம். ஒதுங்கியதைக் குழி தோண்டிப் புதையுங்கள்.

ராத்திரி பெசன்ட் நகர் கடற்கரையில் அலை நீலமாக மின்னியது. பிள்ளைகள் இறங்கி விளையாடினார்கள். மறுநாள் “அது விஷம்” என்று வாட்ஸாப்பில் வந்தது. பயப்பட வேண்டுமா?
— அடையாறு வாசகர்

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையே மின்னியபோது எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் இன்னும் காதில் கேட்கின்றன. 2024 அக்டோபரில் திரும்பவும் மின்னியது. இரண்டு தடவையும் பேசப்பட்ட பெயர் நம் நாக்டிலுகாதான். அலை உடையும்போது ஏற்படுகிற உலுக்கலில் செல்லுக்குள் ஒரு வேதிவினை நடந்து, கணநேரம் ஒளி வரும். மினுமினுப்புக்குச் சூடு கிடையாது, அதில் விஷமும் கிடையாது. சிலருக்குத் தோல் அரிக்கலாம். நல்ல தண்ணீரில் குளித்தால் சரியாகிவிடும்.

ஆனால் “மின்னினால் பயமில்லை” என்று இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகத்தின் மோசமான விஷப் பாசிகளில் ஒன்றான அலெக்சாண்ட்ரியத்தின் சில வகைகளும் இரவில் மின்னும். அதுபோல் நிறத்தை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. பச்சை, சிவப்பு, பழுப்பு எல்லாம் எத்தனை செல் கூடியிருக்கிறது என்பதைத்தான் காட்டும், அவை யார் என்பதை அல்ல. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்போதே சிப்பியில் விஷம் ஏறியிருக்கவும் கூடும். அது அடுத்த கேள்வி.

மட்டி, சிப்பி எதுவானாலும் நன்றாகக் கொதிக்கவைத்து மஞ்சள் போட்டால் விஷம் முறிந்துவிடும் என்று என் மாமியார் சொல்கிறார். சரியா?
— கல்பாக்கம் பக்கத்து வாசகி

மாமியாரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: கிருமிக்கு அது சரி, இந்த விஷத்துக்குச் சரியில்லை.

நீங்கள் எழுதுகிற ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது இது. 1981-ல் வயலூரில் மட்டி சாப்பிட்டவர்களில் 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லில் ஒட்டும் சிப்பியைச் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள், ஐந்நூறு பேர் வாக்கில் சிகிச்சைக்குப் போனார்கள். அவர்கள் யாரும் பச்சையாகத் தின்றவர்கள் இல்லை. நம்மைப்போல் சமைத்துச் சாப்பிட்டவர்கள்தான்.

சிப்பியும் மட்டியும் நாள் முழுக்கத் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டி, கிடைத்த பாசியைத் தின்று வாழ்பவை. அந்தப் பாசி சாக்சிடாக்சின் தயாரிக்கிற சாதியாக இருந்தால் விஷம் சிப்பியின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். சிப்பிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வாடை மாறாது, ருசி மாறாது. தின்றவருக்கு அரை மணி நேரத்திலேயே உதடும் நாக்கும் மதமதக்கும், பல் டாக்டர் ஊசி போட்டதுபோல. பிறகு விரல் நுனி. நரம்பு வழியாகச் செய்தி போகிற வாசலையே இந்த விஷம் அடைத்துவிடுகிறது. முற்றினால் மூச்சுத் தசை நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. ஆனால் செயற்கைச் சுவாசம் கொடுத்து ஒரு நாளைக் கடத்திவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஆகையால் சிப்பி சாப்பிட்ட பிறகு உதடு மதமதத்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இது புது வியாதியும் இல்லை. 1793-ல் கேப்டன் வான்கூவர் கனடாவின் மேற்குக் கரையை அளந்துகொண்டு போனபோது, அவருடைய ஆட்கள் ஒரு காலையில் சிப்பி சாப்பிட்டார்கள். ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்றைக்கே இறந்துபோனார். அந்த இடத்துக்கு வான்கூவர் விஷக் குடா என்றே பெயர் வைத்தார். வரைபடத்தில் இன்றும் அந்தப் பெயர்தான்.

பல நாடுகளில் சிப்பி விற்பதற்கு முன் சோதிக்கிறார்கள். ஒரு கிலோ சதையில் 0.8 மில்லிகிராமுக்கு மேல் இந்த விஷம் இருந்தால் அந்தக் கரையை மூடிவிடுவார்கள். ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை, கவனியுங்கள். இன்னொரு தொந்தரவு, கடலில் பாசி போன பிறகும் சிப்பியில் விஷம் தங்கும். சிலவற்றில் சில வாரம். அமெரிக்கக் கரையில் வெண்ணெய் மட்டி என்று ஒரு வகை இருக்கிறது, அதில் இரண்டு வருஷம்கூடத் தங்கும். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது.

மகன் அமெரிக்காவில் டாம்பாவில் இருக்கிறான். கடற்கரைக்குப் போனாலே இருமல், கண் எரிச்சல். வீடு திரும்பினால் நின்றுவிடுகிறதாம். “சிவப்பு அலை” என்கிறான். தண்ணீரைத் தொடாமலே எப்படி?
— கும்பகோணம் வாசகி

காற்றில் வருகிறது அம்மா. மெக்சிகோ வளைகுடாவில், ஃபுளோரிடாவின் மேற்குக் கரைக்குச் சொந்தமான கரேனியா பிரேவிஸ் என்ற பாசி அது. மெல்லிய தோல். அலை அடித்து உடையும்போது செல்லும் உடைந்து, உள்ளே இருக்கும் பிரெவிடாக்சின் நீர்த்திவலையோடு கரைக்கு வந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ரொம்பச் சிரமம். மகனுக்கு வீசிங் உண்டென்றால் அந்த நாட்களில் கடற்கரைப் பக்கமே வேண்டாம்.

கீழக்கரைப் பெண்ணுக்குச் சொன்ன பூங்கோரைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இது செத்தால் மட்டுமல்ல, உயிரோடு இருக்கும்போதே கொல்லும். இது தொடங்குவதும் கரையில் இல்லை, பல மைல் வெளியே. சத்து குறைந்த தண்ணீரில்கூட மெதுவாகப் பிழைத்துக் கிடக்கும். நீரோட்டம் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் ஆற்றுவழி வருகிற சத்து, செத்த மீனிலிருந்து கசிகிற சத்து எல்லாம் அதற்குத் தீனி. தான் கொன்ற மீனே தனக்கு எரு! 2017 அக்டோபரில் தொடங்கியது 2019 பிப்ரவரியில்தான் ஓய்ந்தது, 16 மாதம். மீன், ஆமை, கடற்பசு எல்லாம் செத்தன. நம் பூங்கோரை இரண்டு வாரத்தில் மூட்டை கட்டுவதை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணுக்கெட்டிய தூரம் பரவியது பத்துப் பதினைந்து நாளில் மாயமாகிறதே, எங்கே போகிறது? மறு வருஷம் எப்படித் திரும்பி வருகிறது?
— தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்

இந்த ஒரு கேள்விக்காகவே இந்த இதழை எழுதலாம், சார். வளர்வதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஓய்வதைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

சாதாரணச் சாவு பசிச் சாவு. மேல்தண்ணீரில் நைட்ரஜன் தீர்ந்துவிடும். காற்று இல்லாததால்தான் பெருகியது, அதே காற்று இல்லாததால் அடியிலிருந்து புதுச் சத்தும் மேலே வராது. வந்த வழியே அடைபட்டுப் போகிறது. அப்புறம் வாடை எழும்பினால் மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் கலந்து, குவிந்து கிடந்தது சிதறும். மழையும் ஆற்றுநீரும் உப்பைக் குறைத்தால் சில சாதிகள் தாங்காது. இதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிற காரணங்கள்.

தெரியாத சண்டை ஒன்று உள்ளே நடக்கிறது. கோப்பிபாட் என்கிற, அரிசிநொய் அளவு இறால் இனப் பூச்சி பாசியை மேய்கிறது. ஆனால் அது தலைமுறை தலைமுறையாகப் பெருக வாரக்கணக்கில் ஆகும், பாசிக்கு ஒரு நாள் போதும். அந்த இடைவெளியில்தான் பாசி ஜெயிக்கிறது. மேய்ச்சல்காரர்கள் பெருகிச் சேர்ந்ததும் கணக்கு மாறிவிடும். பாசிக்கும் வைரஸ் காய்ச்சல் உண்டு. ஜப்பானில் முத்துச்சிப்பியையும் ஆளியையும் கொல்கிற ஹெட்டெரோகாப்சா என்ற பாசி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் குறிவைத்துக் கொல்லும் வைரஸை அங்கேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். கூட்டம் நெருக்கமாக இருக்கும்போதுதான் நோயும் வேகமாகப் பரவும், நம் வீட்டில் அம்மை வந்தால் மாதிரி.

நான் நுண்நோக்கியில் பார்த்து உண்மையிலேயே கையை எடுத்துக்கொண்டது இன்னொன்றை. அமீபோஃப்ரியா என்று ஓர் ஒட்டுண்ணி. பாசிச் செல்லுக்குள் புகுந்து, உள்ளிருந்தே தின்று, தேன்கூடு மாதிரி பெருகி நிறையும். கடைசியில் செல்லைக் கிழித்துக்கொண்டு ஒரு நீளப் புழுபோல் சுழன்று வெளியே வரும். பிறகு அந்தப் புழுவும் நூற்றுக்கணக்கான பொடிகளாகப் பிரிந்து அடுத்த செல்லைத் தேடிப் போகும். ஒரு சொட்டுத் தண்ணீரில் இவ்வளவும். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், பாதியில் வைத்துவிட்டார்.

மறு வருஷம் திரும்பி வருவதற்குப் பல சாதிகள் விதை போட்டுவிட்டுப் போகின்றன. நிலைமை மோசமானதும் இரண்டு செல் கூடி, தடித்த ஓடு போர்த்திய உறங்கும் செல்லாக மாறிச் சேற்றில் இறங்கிவிடும். அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் அலெக்சாண்ட்ரியத்தின் இந்த விதைகளைக் கடலடிச் சேற்றில் எண்ணித்தான், வரும் வசந்தத்தில் எவ்வளவு மோசமாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லப் பார்க்கிறார்கள். சுவீடனில் ஒரு குடாவின் அடிச்சேற்றிலிருந்து எடுத்த, ஏறக்குறைய நூறு வருஷம் பழைய விதையை ஆய்வகத்தில் முளைக்கவைத்திருக்கிறார்கள். கப்பல்கள் எடைக்காக ஏற்றும் கடல்நீரோடு இந்த விதைகள் கண்டம் விட்டுக் கண்டமும் போகின்றன. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவுக்கு ஒரு விஷச் சாதி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது என்று கருதுகிறார்கள். துறைமுகத்துக்காகச் சேற்றை வாரும்போது யாரை எழுப்புகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்டால் நல்லது. நான் கேட்டபோது சிரித்தார்கள்.

இதை நிறுத்த மருந்து எதுவும் இல்லையா?
— நாகர்கோவில் வாசகர்

தென்கொரியாவில் மீன் கூண்டுகளைக் காப்பாற்ற மஞ்சள் களிமண்ணைக் கரைத்துக் கடலில் தெளிக்கிறார்கள். 1990-களின் நடுவிலிருந்து நடக்கிறது. களிமண் துகள் பாசியில் ஒட்டி அடிக்கு இழுத்துப்போகும். ஒரு குடாவுக்கு உதவும், ஒரு கடலுக்கு உதவாது. அடியில் குடியிருப்பவர்களின் தலையில் மண்ணைப் போடுகிறோம் என்பதும் உண்டு.

பலன் கொடுத்தது ஜப்பானின் செட்டோ உள்கடல். 1972-ல் அங்கே சட்டோனெல்லா என்ற பாசி வந்து கூண்டில் வளர்த்த மீன் ஒரு கோடியே நாற்பது லட்சம் செத்தது. மறு வருஷமே சட்டம் போட்டு, ஆலைக்கழிவையும் பாஸ்பரஸையும் படிப்படியாகக் குறைத்தார்கள். 1970-களின் நடுவில் வருஷத்துக்கு முந்நூறு வரை இருந்த சிவப்பு அலை நிகழ்வுகள் பின்னாளில் நூறு வாக்கில் இறங்கின. இதில் ஒரு வேடிக்கை. கடல் ரொம்பச் சுத்தமாகி, நோரி என்கிற, சாப்பிடும் பாசியை வளர்ப்பவர்கள் “எங்கள் பாசிக்குச் சத்து போதவில்லை, வெளுத்துப்போகிறது” என்று முறையிட்டார்கள். 2021-ல் சட்டத்தைத் திருத்தி, சில இடங்களில் அளவோடு சத்து விடலாம் என்றார்கள். கடலுக்கு உப்பு புளி அளந்து போடுகிற வேலை இது, கை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கெடும்.

நம் நாட்டில் ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் நிறுவனம் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பாசிப் பெருக்கம் பற்றிய தகவல் தருகிறது. ஆனால் செயற்கைக்கோளுக்கு நிறம்தான் தெரியும். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க இன்னமும் ஒருவர் வாளியோடு போகத்தான் வேண்டும்.

ஏழாம் வகுப்பு படிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்குப் பூங்கோரையை வைத்து என்ன செய்யலாம்?
— ராமேஸ்வரம் மாணவி

நல்ல கேள்வி கண்ணு. அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போய், பச்சைத் தண்ணீரை ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் பிடி. பிளாஸ்டிக் வாளியை மெதுவாகச் சாய்த்து ஊற்று, அடித்து ஊற்றினால் உருண்டைகள் உடைந்துவிடும். நான் முதல் வருஷம் பார்மலினை ஊற்றி வைத்து, மறுநாள் எல்லாம் சுருங்கிக் கிடந்ததைப் பார்த்து வாங்கிய திட்டு போதும், நீ எந்த மருந்தும் ஊற்றாதே.

ஒரு பாட்டிலைத் திறந்தபடி, வெயில் நேராகப் படாத ஜன்னலோரம் வை. இரவில் விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்து, பாட்டிலை விரலால் ஒரு சுண்டு சுண்டு. சுண்டிய இடத்திலிருந்து நீலம் ஓடும். மறுபடி மறுபடி சுண்டினால் மங்கிக்கொண்டே போகும், அதற்கும் ஓய்வு வேண்டும்.

இரண்டாவது பாட்டிலை வாய் வரை நிரப்பி, இறுக்க மூடி, அலமாரிக்குள் இருட்டில் இரண்டு நாள் வை. உருண்டைகள் என்ன ஆகின்றன, தண்ணீரின் நிறம் எப்படி மாறுகிறது என்று காலையும் மாலையும் நோட்டில் எழுது. ஊரில் கடலுக்கு நடப்பது சின்ன அளவில் அந்தப் பாட்டிலுக்குள் நடக்கும். மூன்றாம் நாள் முற்றத்துக்கு எடுத்துப்போய்த் திற. திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள், அம்மா காயப்போட்ட துணிக்குப் பக்கத்தில் நிற்காதே.